மூன்றாவது வரிசை

2018 அக்டோபர் 9, செவ்வாய்

வெறும் வயிற்றில் சர்க்கரை 148. டாக்டர் பரவாயில்லை என்றார். குமுதா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்த மைசூர்பாகு டப்பாவை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மனைவி என்றால் இவ்வளவு இரக்கமில்லாமலா இருப்பது!

பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண மண்டப செட். நான் பெண்ணின் பெரியப்பா. நான்கு காட்சி, ஏழு வரி வசனம். இது எனக்கு நானூற்றுப் பன்னிரண்டாவது படம். நாற்பத்திரண்டு வருடத்தில் போலீஸ்காரனாக அறுபத்து மூன்று, டாக்டராக முப்பத்தொன்று. பெண்ணைப் பெற்று அழுதவனாக எத்தனை என்று எண்ணுவதை நானே விட்டுவிட்டேன். தெருவில் போகிறவர்களுக்கு என் முகம் தெரியும். தணிகாசலம் என்ற பெயர் தெரியாது. "சார், நீங்க அந்தப் படத்துல செத்துப்போவீங்களே" என்பார்கள். எந்தப் படம் என்று நான் கேட்பதில்லை. பாதிக்கு மேல் அப்படித்தான்.

லைட்மேன் எத்திராஜ் இந்தப் படத்திலும் இருக்கிறான். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. தொண்ணூற்று நாலில் ஒரு படத்தில் நான் கதாநாயகனுக்குப் பின்னால் ஃபைலோடு நிற்கும் குமாஸ்தா. முன்னால் நின்ற மூன்று பேரின் நிழலும் என் முகத்தில்தான். யாரும் சொல்லாமலே ஒரு சின்ன விளக்கை ஒரு சாண் நகர்த்தி வைத்தான் இவன். படம் வந்தபோதுதான் எனக்கு ஒரு முகம் இருப்பது ஊருக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து எந்த செட்டில் பார்த்தாலும், "அண்ணே, எங்க நிக்கப் போறீங்க, சொல்லுங்க" என்பான்.

அக்டோபர் 10, புதன்

மழை. செட்டுக்குள் இரண்டு இடத்தில் ஒழுகியது. மதியம்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம்.

விளக்குகளைக் கட்டித் தொங்கவிடத் தலைக்கு மேலே பலகை போட்டுச் சாரம் கட்டியிருக்கிறார்கள். டீ குடிக்கும்போது எத்திராஜ் சொன்னான்: "பலகை ஊறிக் கெடக்குண்ணே. கயித்துக் கட்டெல்லாம் தளர்ந்துபோச்சு. மேனேஜர்கிட்ட சொன்னேன். ஆயுத பூஜை கழிச்சி மாத்திக்கலாம்ங்கிறாரு."

"அதுவரைக்கும் ஏறாத" என்றேன்.

"நான் ஏன் ஏறப் போறேன்" என்று சிரித்தான்.

மகள் நிவேதா பி.காம் இரண்டாம் வருடமாம். கணக்கில் முதலாவதாம். அதைச் சொல்லும்போது டீ கிளாஸை கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னான்.

அக்டோபர் 11, வியாழன்

எத்திராஜ் இறந்துவிட்டான்.

அக்டோபர் 12, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை எழுதிவைக்கிறேன்.

காலை பதினொன்றரை இருக்கும். தாலி கட்டும் காட்சி. ஒத்திகை முடிந்து டேக் போக வேண்டிய நேரம். கதாநாயகன் மேக்கப் சரிசெய்யப் போயிருந்தான். எல்லோரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே ஒரு பலகை முறியும் சத்தம். மணவறைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தான். வாழைமரம் சாய்ந்தது. முதலில் மரம்தான் விழுந்தது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எதற்காக மேலே ஏறினான் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்று குன்றத்தூரில் அடக்கம். குமுதாவும் வந்தாள். எத்திராஜின் மனைவி செண்பகத்தை முன்பு இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும், "அண்ணே, உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் அதிகம். சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

அக்டோபர் 14, ஞாயிறு

தயாரிப்பு மேனேஜர் ஜெயபால் வீட்டுக்கு வந்தார். இதுவரை வந்ததே இல்லை. ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் வாங்கிவந்தார். குமுதா கடைக்குப் போயிருந்தாள்.

சாரத்துக்குக் கீழே ஒரு குவார்ட்டர் பாட்டில் கிடைத்ததாம். போலீசுக்கும் லைட்மேன்கள் சங்கத்துக்கும் கொடுக்க ஒரு கடிதம் டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார்.

"பாதி பேரு சின்னப் பசங்க சார். நீங்க சொன்னா ஒரு மரியாதை இருக்கும். பக்கத்துல நின்னது நீங்கதானே?"

"பக்கத்துலன்னா... கொஞ்சம் தள்ளி."

"காலையில பேசினீங்கள்ல? வாடை அடிச்சுதுன்னு மட்டும்தான் போட்டிருக்கு. குடிச்சான்னுகூட போடல."

"அவன் குடிக்கிறதில்லையே ஜெயபால்."

"சார், நாம பாக்கறப்ப யாரும் குடிக்கிறதில்ல." பேனாவைத் திறந்து நீட்டினார். "இல்லாட்டி யார் ஏறச் சொன்னது, எதுக்கு ஏறினான்னு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு நோண்டுவாங்க. உங்க வயசுக்கு ஸ்டேஷன்ல போய் உக்காரணுமா?"

யோசித்துப் பார்த்தால் அன்று காலை ஏதோ வாடை இருந்த மாதிரிதான் இருந்தது. செட்டில் எவ்வளவோ வாடை. பெயிண்ட், சாம்பிராணி, ஈரச் சாக்கு. இல்லை என்று உறுதியாக எப்படிச் சொல்வது?

கையெழுத்துப் போட்டேன். பழத்தை ஃபிரிஜ்ஜில் வைத்தேன்.

அக்டோபர் 15, திங்கள்

சர்க்கரை 203. மாத்திரை போடத் தவறவில்லை.

அக்டோபர் 18, வியாழன். ஆயுத பூஜை

ஸ்டுடியோவில் விளக்குகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சாரத்தைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். எத்திராஜின் படத்துக்கு ஒரு மாலை. எல்லோரும் ஒரு நிமிடம் நின்றோம்.

பிறகு இயக்குநர் தனியாகக் கூப்பிட்டார். இந்த கம்பெனியின் அடுத்த படத்தில் கதாநாயகனின் அப்பா வேஷம். நாற்பது நாள் வேலை. கதையே அப்பாவைச் சுற்றித்தானாம். சுவரொட்டியில் என் முகமும் வரும், பெயரும் வரும் என்றார்.

எழுபத்தாறில் அரக்கோணத்தில் பார்த்துக்கொண்டிருந்த ரயில்வே வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். அப்பா சாகும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று ஒருவருக்கும் சொல்லாமல் கார் நிறுத்தும் இடத்தில் போய் கொஞ்ச நேரம் அழுதேன்.

குமுதாவிடம் சொன்னேன். "எப்பலேர்ந்து உங்கள மனசுல வச்சிருந்தாராம்?" என்று கேட்டாள்.

"கதை எழுதும்போதே."

"அப்படியா" என்றாள். கொண்டைக்கடலையை ஊறவைக்கப் போய்விட்டாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜெயபாலுக்கு நடிகர் தேர்வில் என்ன வேலை?

அக்டோபர் 26, வெள்ளி

எத்திராஜின் காரியம். போகவில்லை. முழங்கால் வலி.

அக்டோபர் 28, ஞாயிறு

செண்பகம் வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். குமுதா காபி கொடுத்தாள். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நான் பணத்துக்கு வரல" என்றுதான் ஆரம்பித்தாள். "சங்கத்துல போய்க் கேட்டேன். குடிச்சிட்டு ஏறினாரு, சாட்சி எழுதிக் குடுத்திருக்காங்கன்னு சொல்றாங்க. யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. பெரிய மனுஷன்தான், பொய் சொல்ற ஆளில்லங்கறாங்க."

நான் எழுந்து மின்விசிறியைக் கூட்டிவைத்தேன்.

"பதினோரு வருஷமா தொடலண்ணே. நிவேதாவுக்கு எட்டு வயசுல டெங்கு வந்து படுத்தப்ப, ஆஸ்பத்திரி வாசல்லயே அவ தல மேல கை வச்சி சத்தியம் பண்ணாரு. இப்ப எம் பொண்ணு என்ன சொல்றா தெரியுமா? 'அப்ப இத்தினி நாளும் என் தலைல அடிச்சி பொய் சொல்லிருக்காரு'ங்கறா. பதினாறாம் நாள் கும்பிட மாட்டேன்னு உள்ள போய் கதவச் சாத்திக்கிட்டா. எனக்கே புத்தி பேதலிக்குது. ஏமாத்திட்டாரோன்னு தோணுது. பொணத்தப் பாத்தும் தோணாதது இப்ப தோணுது." காபியைக் கீழே வைத்தாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. குடிச்சிருந்தாரா?"

"எனக்குத் தெரியலம்மா. நான் தள்ளி நின்னேன்."

"சரிண்ணே" என்று எழுந்தாள். குமுதா பஸ் நிறுத்தம்வரை கூடவே போனாள். திரும்பி வந்து சமையலறையில் வெகு நேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்க அவ்வளவு பாத்திரம் இல்லை.

அக்டோபர் 29, திங்கள்

காலை நடைக்குப் போகவில்லை.

நவம்பர் 1, வியாழன்

புதுப் படம் ஆரம்பம். முதல் நாளே எனக்கு முழு முகத்தையும் காட்டும் ஷாட். எனக்காக மட்டும் மூன்று விளக்கு. முன்னால் யாருமே இல்லை.

வசனம் இதுதான்: "என் பையன் மேல தப்பு இல்ல, தப்பெல்லாம் என்னுது." ஏழு சொல். நானூறு படத்தில் எத்தனையோ பக்கம் பேசியவன். இன்று பதினான்கு டேக். ஒவ்வொரு முறையும் பாதியில் கண் தானாக மேலே போனது. மேலே ஒரு லைட்மேன் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான். புது ஆள். "அவரைக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க" என்றேன். "ஏன் சார், நிழல் விழுதா?" என்று கேட்டார் ஒளிப்பதிவாளர். ஆமாம் என்றேன். அவன் இறங்கினான். அப்புறமும் வரவில்லை.

இயக்குநர் கோபப்படவில்லை. டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வயதானவர்களிடம் இப்போதெல்லாம் எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள்.

நவம்பர் 3, சனி

சர்க்கரை 241. இன்சுலின் ஆரம்பிக்கலாமா என்கிறார் டாக்டர். மனக்கவலை ஏதாவது உண்டா என்று கேட்டார். தீபாவளி நெருக்கடி என்றேன்.

நவம்பர் 6, செவ்வாய். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். பேரன் பட்டாசுச் சத்தத்தை போனிலேயே கேட்க வைத்தான். புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தபோது குமுதா எதிரில் வந்து உட்கார்ந்தாள். இட்லித் தட்டு கையில் இல்லை.

"நல்ல நாள் முடியட்டும்னு பாத்தேன். முடியல. கேட்டுடறேன். அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்ட பெரிய மனுஷன் யாருங்க?"

நான் பேப்பரை மடித்தேன்.

"வேஷத்துல நீங்க பொய் சொல்றத முப்பத்தஞ்சு வருஷமா பாக்கறேன். எனக்குக்கூட நெஜம்னு தோணும். அன்னிக்கு அந்தப் பொம்பளகிட்ட 'தெரியலம்மா'ன்னீங்களே, அவ்ளோ மட்டமா நீங்க நடிச்சி நான் பாத்ததே இல்ல."

சொன்னேன். இந்த நோட்டிலும் எழுதாததைச் சொன்னேன். இனி எழுதாமல் இருந்து பயனில்லை.

அன்று ஒத்திகை முடிந்ததும் மானிட்டரில் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நிற்கிறேன், மாப்பிள்ளையின் தலைப்பாகை நிழல் என் மூக்குக்கு மேலே முழுவதையும் மூடிவிட்டது. நான்கு காட்சியில் அந்த ஒன்றில்தான் எனக்கு அழுகிற மாதிரி ஒரு பார்வை இருந்தது. எத்திராஜைக் கூப்பிட்டேன். "எத்திராஜு, மூஞ்சி தெரியலடா" என்றேன். அவன் மேலே பார்த்தான். ஊறிய பலகையைத்தான் பார்த்தான். எனக்கும் தெரியும். முந்தின நாள் அவன் சொல்லித்தானே கேட்டேன். "கீழேர்ந்து திருப்ப முடியாதேண்ணே" என்றான். நான் "சரி விடு" என்று சொல்லியிருக்கலாம். "ஒரு நிமிஷ வேலதானடா" என்றேன். செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு ஏறினான். அவன் என்னிடம் பேசியபோது ஒரு வாடையும் இல்லை. ஏலக்காய் மென்றுகொண்டிருந்தான்.

குமுதா என் கையிலிருந்த பேப்பரை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு, "அந்தக் காபிய அவ ஏன் குடிக்கலன்னு இப்பத் தெரியுது. அவ மனசுக்கே ஏதோ தெரிஞ்சிருக்கு" என்றாள். எழுந்து போய் எனக்கு இட்லி எடுத்துவந்து வைத்தாள். அவள் சாப்பிடவில்லை.

நவம்பர் 8, வியாழன்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததுமே ஒரு ஏட்டு எழுந்து நின்று, "சார், நீங்க எங்க டிபார்ட்மென்ட்டுதானே!" என்று சிரித்தார். செல்ஃபி எடுத்துக்கொண்டார். எல்லா வேஷத்தையும் நான் நன்றாகச் செய்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் கடிதத்தை எடுத்து என் முன் போட்டார்.

"கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான். எழுதியிருக்கறது பொய். அவன் குடிக்கல. சாரம் ஆடுதுன்னு முந்தின நாளே மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கான். என்கிட்டயும் சொன்னான்."

"அப்ப பொய் சாட்சி எழுதினதுக்கு உங்க மேலயே நடவடிக்கை வரும். தெரியும்ல?"

"தெரியும்."

"உள்ளுறுப்பு டெஸ்ட் ரிசல்ட் வர இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுல தானா தெரிஞ்சிடுமே. அதுவரைக்கும் பொறுத்திருக்கலாமே சார்?"

"ரெண்டு மாசத்துக்கு அந்த வீடு தாங்காது."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுதிக்கொண்டார். "எதுக்கு ஏறினான்னு தெரியுமா?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

வீட்டில் குமுதா, "எல்லாத்தயும் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

நவம்பர் 9, வெள்ளி

ஜெயபால் போன் செய்தார். திட்டவில்லை. "நல்லா யோசிச்சிப் பண்ணீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். அப்பா வேஷத்துக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்களாம். கல்யாணக் காட்சியிலும் என்னை நீக்கிவிட்டு, மூன்றாவது வரிசையை மறுபடி எடுக்கப் போகிறார்களாம். மற்ற கம்பெனிகளிலும் விஷயம் பரவும் என்றார். அது மிரட்டல் இல்லை, உண்மைதான்.

நானூற்றுப் பதினொன்று என்று நோட்டில் திருத்தினேன்.

நவம்பர் 12, திங்கள்

இன்று காலை மறுபடி ஸ்டேஷனுக்குப் போய், எட்டாம் தேதி சொல்லாமல் விட்டதை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். விசாரணைக்குக் கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். வருகிறேன் என்றேன்.

நேற்று குன்றத்தூர் போனதை எழுத வேண்டும்.

ஒரே அறை வீடு. எத்திராஜின் படம் சுவரில் இல்லை. வெறும் ஆணிதான் இருந்தது. படம் அரிசி டிரம்முக்குப் பின்னால் கண்ணாடி சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நிவேதா மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை. அவள் நெற்றி அப்படியே எத்திராஜ்.

நான் உட்காரவில்லை. "செண்பகம், அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டது நான்தான். அது பொய். எத்திராஜ் குடிக்கல. போலீஸ்ல போய்ச் சொல்லிட்டேன்" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "கேட்டியாடி? கேட்டியா? உங்கப்பா குடிக்கலடி!" அந்தப் பெண் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டது. இரண்டு பேரும் அழுதார்கள். செத்த அன்றுகூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்கண்ணே" என்றாள். "கம்பெனிக்காரங்க மெரட்டி வாங்கியிருப்பாங்க. எனக்குப் புரியுது. இந்த வயசுல தேடி வந்து சொன்னீங்களே, வேற யாரு சொல்லுவா?" என்று சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து நீட்டினாள்.

அந்த இடத்தில் நான் கிளம்பியிருக்கலாம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கை நீட்டித் தண்ணீரை வாங்கவும் போனேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், வாங்கப் போனேன்.

"நான்தாம்மா அவன ஏறச் சொன்னேன்" என்றேன்.

செண்பகத்துக்குப் புரியவில்லை. நிவேதாவுக்குப் புரிந்தது. "எதுக்கு?" என்றாள்.

"என் மூஞ்சில நிழல் விழுந்துச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"பலக சரியில்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

செண்பகம் சொம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், பானையிலேயே ஊற்றினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "போங்கண்ணே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இனிமே வராதீங்க."

செருப்பைப் போட்டுக்கொள்ள வெகு நேரம் ஆயிற்று. முழங்கால் மடங்கவில்லை. உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நிவேதா ஸ்டூலில் ஏறி நின்று அப்பாவின் படத்தை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். செண்பகம் அந்த ஸ்டூலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவா... மெதுவா ஏறு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.